பொடிக்கக் கூடாத மாத்திரை

தம்பி,

போன வாரம் நீ பேசிக்கொண்டிருந்தபோது, "குக்கர் விசில் அடிக்குது, அப்புறம் பேசுறேன்" என்று சொல்லிப் பாதியில் வைத்துவிட்டேன். அடுப்பில் எதுவும் இல்லை. நீ சொன்ன ஒரு வாக்கியத்துக்கு மேல் என்னால் போனைக் காதில் வைத்திருக்க முடியவில்லை. "உனக்குத் தனி ரூம் ரெடிம்மா. பார்த்துக்க ஒரு அம்மாவையும் பேசி வெச்சிட்டேன். ரூம்ல கேமராவும் போட்டாச்சு. அப்பாவுக்கு அந்தப் பொம்பள பண்ணின மாதிரி உனக்கு யாரும் பண்ண விடமாட்டேன்" என்றாய். அன்று மாலையே இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். கை நடுக்கம் உனக்குத் தெரியும். ஒரு பக்கம் எழுத ஒரு நாள் ஆகிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். எழுதியிருப்பதைப் பொறுத்துக்கொள் என்று கேட்க எனக்கு வாயில்லை. படித்த பிறகு இதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. உன் மனைவியிடம், உன் அத்தைகளிடம், உன் அபார்ட்மென்ட்டில் இருப்பவர்களிடம். அதற்காகத்தான் அந்தப் பெண்ணின் பெயரை மாற்றி, கன்னியம்மா என்று எழுதுகிறேன். உண்மைப் பெயர் உனக்குத் தெரியும். அவள் முகமும் ஊருக்கே தெரியும். அது உன்னாலும் என்னாலும் தெரிந்தது.

என் வேலையிலிருந்து தொடங்கினால்தான் உனக்குப் புரியும். இருபத்தாறு வருஷம் பார்மசி டிப்ளமோ பிள்ளைகளுக்குச் செய்முறை வகுப்பு எடுத்தேன். முதல் மாதம் முழுக்கக் கல்வம்தான். வெள்ளைப் பீங்கான் கல்வமும் குழவியும் ஆளுக்கு ஒன்று கொடுத்துப் பொடிக்கச் சொல்வேன். பிள்ளைகள் மிளகாய் இடிப்பது போல இடிப்பார்கள். "இடிக்காதே, வட்டமா தேய். நடுவுலேருந்து ஓரத்துக்கு வா, ஓரத்துலேருந்து நடுவுக்குப் போ. பக்கத்துல ஒட்டுறத சுரண்டி உள்ளே தள்ளு" என்று மேசை மேசையாகப் போய்ச் சொல்வேன். வீரியமான மருந்து துளியாகவும் அதோடு கலக்கும் சர்க்கரைப் பொடி நிறையவும் இருந்தால், எல்லாவற்றையும் ஒரே தடவை கொட்டிவிடக் கூடாது. மருந்து எவ்வளவோ அதே அளவு சர்க்கரை சேர்த்து முதலில் தேய்க்க வேண்டும். பிறகு அந்தக் கலவையின் அளவுக்கு இன்னும் சர்க்கரை. அப்படியே இரட்டிப்பாக்கிக்கொண்டு போக வேண்டும். அவசரப்பட்டால் மருந்து முழுவதும் ஒரு பொட்டலத்தில் போய்ச் சேரும், ஒரே ஒரு குழந்தை அதைச் சாப்பிடும் என்று சொல்லிப் பயமுறுத்துவேன். உனக்கும் இதெல்லாம் மனப்பாடம். ஆறு வயதில் காய்ச்சல் வந்தபோது மாத்திரையைத் துப்பிவிட்டாய் என்று தேனில் குழைத்துக் கொடுத்தேன். "முழுசா இருந்தப்ப இவ்ளோ கசக்கலம்மா" என்று அழுதாய். பொடியானால் நாக்கில் எல்லா இடத்திலும் படும், கசப்பு கூடத்தான் செய்யும் என்று உனக்கு அப்போதே பாடம் எடுத்தேன். குழந்தை அழும்போதும் பாடம் எடுக்கிறவளாகத்தான் இருந்திருக்கிறேன்.

ஒவ்வொரு வருஷமும் ஒரு வகுப்பை மட்டும் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். மெதுவாகக் கரையும் மாத்திரைகள் பற்றிய வகுப்பு அது. ஒரு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் இறங்க வேண்டிய மருந்தை ஒரே மாத்திரைக்குள் கட்டிவைத்திருப்பார்கள். அதைப் பொடித்தால் கட்டு உடைந்து, நாள் முழுவதுக்குமான மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். வாயால் சொன்னால் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள் என்று செய்தே காட்டுவேன். இரண்டு கண்ணாடிக் குவளையில் தண்ணீர். ஒன்றில் அந்த வகை இரும்புச்சத்து மாத்திரை முழுசாக, இன்னொன்றில் அதே மாத்திரை பொடித்து. இரண்டிலும் சோதனைத் திரவம் சில சொட்டு விடுவேன். பொடித்துப் போட்ட குவளை விட்ட நொடியிலேயே கருநீலமாகிவிடும். முழுசாகப் போட்டதில் வகுப்பு முடியும்போதுதான் லேசாக நீலம் பூக்கும். "பேஷன்ட்டோட ரத்தம்னு நினைச்சுக்கோங்க" என்பேன். மாத்திரை அட்டையில் பெயருக்குப் பின்னால் கூடுதலாக இரண்டு எழுத்து இருந்தால் கல்வத்தைத் தொடாதே என்று எழுதிப்போட்டு, அடியில் இரண்டு கோடும் இழுப்பேன். இருபத்தாறு வருஷம்.

அப்பாவுக்கு ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் போய், மூக்கு வழியாகக் குழாய் போட்டு வீட்டுக்கு அனுப்பியபோது நீ ரொம்ப அலைந்தாய். மதுராந்தகம் ஆபீஸுக்கு முப்பது வருஷம் ரயில் ஏறி இறங்கிய மனிதர், கட்டிலில் புரட்டிப் போட ஆள் வேண்டும் என்று ஆகிவிட்டது. கேளம்பாக்கத்தில் ஒரு ஏஜென்சியில் விசாரித்து நீதான் கன்னியம்மாவைக் கூட்டிவந்தாய். நெம்மேலிக்காரி. முதல் நாளே என்னிடம், "டீச்சரம்மா, அவுருக்கு இன்னா புடிக்கும்? பாட்டு கேப்பாரா, கிரிக்கெட்டு பாப்பாரா?" என்று கேட்டாள். இந்தக் கேள்வியை எந்த டாக்டரும் கேட்டதில்லை. குளிப்பாட்டுவது, முதுகில் புண் வராமல் திருப்பிப் போடுவது, குழாயில் கஞ்சி ஊற்றுவது எல்லாம் அவள். மாத்திரையைப் பொடிப்பது மட்டும் நான். அதை அவளிடம் விடவில்லை. பழைய பீங்கான் கல்வத்தை எடுத்துக் கழுவி வைத்துக்கொண்டேன். குழாயில் அடைக்காமல் போக வேண்டுமே, அவ்வளவு நைஸாகப் பொடிக்க என்னைத் தவிர யாருக்குத் தெரியும் என்று ஒரு பெருமை. ஓய்வு பெற்ற பிறகு யாருக்கும் தேவைப்படாமல் இருந்தவளுக்கு மறுபடி ஒரு வேலை கிடைத்திருந்தது. அந்த நாலு மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன், தம்பி. உன் அப்பா அப்படிக் கிடக்கும்போது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று காலை நல்ல மழை. பிரஷர் மாத்திரை தீர்ந்திருந்தது. முந்தின நாளே வாங்கியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன். மருந்து டப்பாவைக் கிளறினேன். அப்பா நடமாடிக்கொண்டிருந்த காலத்தில் சாப்பிட்ட பழைய அட்டை ஒன்று அடியில் கிடந்தது. அதே பெயர், அதே கம்பெனி. குழாய் போட்ட பிறகு டாக்டர் ஏன் மாத்திரையை மாற்றி எழுதினார் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்று அந்த நேரத்தில் அது என் மூளையில் வரவில்லை. பெயரைப் பார்த்தேன், தேதியைப் பார்த்தேன், எடுத்துக் கல்வத்தில் போட்டேன். கன்னியம்மா பக்கத்தில் நின்றிருந்தாள். "டீச்சரம்மா, இது இன்னா செவப்பா கீது? டெய்லி வெள்ளையாதானே இருக்கும்?" என்றாள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மேல பூச்சு வேற போட்டிருப்பான். முப்பது வருஷமா இதைத்தான் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கேன். நீ கஞ்சியப் பாரு" என்றேன். இருபத்தாறை முப்பதாக்கிச் சொன்னேன். அவள் போய்விட்டாள்.

இனிமேல் எழுதுவதை யாருக்கும் சொன்னதில்லை. அந்த மாத்திரை பொடியவில்லை. சாதா மாத்திரை குழவி பட்டதும் உதிரும். இது நசுங்கியது, பிசுபிசுத்தது. தண்ணீர் விட்டதும் கோந்து மாதிரி இழுத்தது. மெதுவாகக் கரையும் மாத்திரை அப்படித்தான் இழுக்கும். என் கைக்கு அது தெரியும், நூறு தடவை தொட்டுப் பார்த்த பிசுபிசுப்பு. கை சொன்னதை நான் கேட்கவில்லை. என்னிடமே அடம் பிடிக்கிறாயா என்று கோபம்தான் வந்தது. கல்வத்தை மடியில் அணைத்துக்கொண்டு கால் மணி நேரம் தேய்த்தேன். கடைசியில் ஒரு திப்பிகூட இல்லாமல், பால் மாதிரி ஆக்கிவிட்டேன். குவளையில் வழித்து, "இந்தா, ஊத்து" என்று கன்னியம்மாவிடம் கொடுத்தேன். அவள் சிரிஞ்சில் எடுத்துக் குழாயில் செலுத்தினாள். நான் கல்வத்தைக் கழுவப் போனேன்.

ஒன்றரை மணி நேரத்தில் அப்பாவுக்கு உடம்பு சில்லிட்டது. கன்னியம்மாதான் கத்தினாள், அவள்தான் காலைத் தூக்கித் தலையணை வைத்தாள், ஆம்புலன்ஸுக்குச் சொன்னதும் அவள்தான். ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர் ஒருவர், "பிரஷர் பாதாளத்துல இருக்கு. மருந்து அதிகமா போயிருக்கு. யாரு குடுத்தது?" என்று கேட்டார். நீ கேளம்பாக்கத்திலிருந்து அப்போதுதான் வந்து நின்றாய், சட்டையெல்லாம் நனைந்து. கன்னியம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். "நான்தான் டாக்டர் ஊத்தினேன்" என்றாள். அது பொய் இல்லை. ஊற்றியது அவள்தான். நீ அவள் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன். அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். டாக்டருக்கும் உபயோகமாக இருந்திருக்கும், என்ன மருந்து, எத்தனை மணி நேரம் இறங்கும் என்று. மறுநாள் அப்பா போய்விட்டார். நான் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டதில்லை. யாரிடமும் கேட்கப் போவதில்லை.

பால் தெளித்துவிட்டு வந்த அன்று நீ என்னிடம் வந்து உட்கார்ந்தாய். உனக்கு ஞாபகம் இருக்கும். "அம்மா, அவ போன்ல ஒண்ணு சொல்றா. மாத்திரை கலர் வேறயா இருந்துச்சாம், உன்கிட்ட சொன்னாளாம். நிஜமா?" என்று கேட்டாய். நீ சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. நான் இல்லை என்று சொல்ல வேண்டும் என்றுதான் கேட்டாய், அது உன் கண்ணில் தெரிந்தது. ஆனாலும் கேட்டாயே, அது உன் நேர்மை. எனக்கு ஒரு வாசல் திறந்துவிட்டாய். நான் சொன்னது இதுதான்: "பயத்துல ஏதோ பேசறா, விடு." நாலு வார்த்தை. நீ எழுந்து போனாய். அப்பாவின் பிறந்தநாளன்று எடுத்த படத்தில் அவள் முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, இவளை வேலைக்கு வைக்காதீர்கள், என் அப்பாவின் சாவுக்குக் காரணம் இவள்தான் என்று எழுதி உனக்குத் தெரிந்த எல்லா அபார்ட்மென்ட் குரூப்பிலும் போட்டாய். எனக்கும் அனுப்பினாய். அந்தப் படத்தில் அவள் தோளில் ஒரு கை இருக்கும், பார்த்திருப்பாய். வெட்டியும் போகாத அப்பாவின் கை அது, அசைந்த ஒரே கை. நான் அந்தப் படத்துக்குக் கீழே கும்பிடும் கை ஒன்றைப் போட்டு அனுப்பினேன்.

பெற்றவள் உனக்கு ஏதாவது புத்தி சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்ல முடியும். பொய்யைச் சொன்ன அன்றே திருப்பி எடுத்துவிடு. மறுநாள் அது பாதி உண்மையாகிவிடும். ஒரு மாதத்தில் அதன்மேல் வீடு கட்டிக் குடியேறிவிடுவோம். முதல் வாரம், காரியம் முடியட்டும் என்று நினைத்தேன். பிறகு திதி முடியட்டும் என்று. பிறகு உன் குழந்தை பிறக்கட்டும் என்று. மூன்று வருஷம் ஆகிவிட்டது. இதற்கிடையில் உனக்கு என்ன செய்தேன் என்று இப்போதுதான் பார்க்கிறேன். "நான்தானேம்மா அவளைக் கூட்டிட்டு வந்தேன்" என்று சுடுகாட்டில் தலையில் அடித்துக்கொண்டாய். உன் மனைவி ஒருநாள் என்னிடம், "உங்க பிள்ளை மாமா படத்துக்கு முன்னாடி நிக்கவே மாட்டேங்கிறார் அத்தை, விளக்கேத்தச் சொன்னா வெளியே போயிடறார்" என்றாள். நீ கூட்டிவந்தது நல்ல ஆள், தம்பி. நீ எந்தத் தப்பும் செய்யவில்லை. உன் அப்பாவுக்கு நீ செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான். அதைக்கூட உனக்குச் சொல்லாமல், நீ உன்னையே வெறுத்துக்கொள்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு, "சாப்பிடுடா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உன் போனுக்குப் பிறகு மூன்றாம் நாள் நான் நெம்மேலிக்குப் போனேன். உன்னிடம் சொல்லவில்லை. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் பஸ், அங்கிருந்து கடற்கரைச் சாலையில் இன்னொரு பஸ். கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையைத் தாண்டி இறங்கி, பெயரைச் சொல்லி விசாரித்தேன். ஒரு தகரக் கொட்டகையைக் காட்டினார்கள். அங்கே பத்துப் பெண்கள் ஐஸ் தண்ணீரில் கைவிட்டு இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். பழக்கம். "டீச்சரம்மாவா? இன்னா இவ்ளோ தூரம்? தனியாவா வந்துகினு கீறே?" என்றாள். வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். அவள் விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. நான் எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை, கல்வம், நீ கேட்டது, நான் சொன்ன நாலு வார்த்தை. அவள் முகம் மாறவே இல்லை.

"தெரியும்" என்றாள்.

"எப்போலேருந்து?"

"அன்னிக்கே. அந்த அட்டைய குப்பையில போட்டது நான்தானே. எனக்கு இங்கிலீசு படிக்கத் தெரியாதும்மா. எழுத்து எண்ணத் தெரியும். ரெண்டு கூட இருந்துச்சு."

"ஏன் ஆஸ்பத்திரியில சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன். அப்பால உன் புள்ளையாண்ட போன்ல சொன்னேன். எங்கம்மாவையா சொல்றன்னு கேட்டாரு. சரி, டீச்சரம்மா வாய தொறப்பாங்கன்னு ரெண்டு மாசம் பாத்துகினு இருந்தேன். அப்பால வுட்டுட்டேன்."

அவள் குரலில் கோபம் இல்லை, தம்பி. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கேளம்பாக்கத்தில் மூன்று அபார்ட்மென்ட் வாசலில் வாட்ச்மேன்கள் போனை நீட்டி, "இது நீதானே?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியதைச் சொன்னாள். அதைக்கூடச் சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகு, "அந்தப் போட்டோ என் பொண்ணோட மாமியார் வூட்டுக்கும் வந்துச்சும்மா. பேரனுக்கு சொரம்னா நான் மருந்து குடுக்கக் கூடாதாம். தூக்கலாம், குளிப்பாட்டலாம். மருந்து மட்டும் அவங்கதான் குடுப்பாங்க. என் பொண்ணும் அதுக்கு சரின்னுட்டா" என்றாள். அந்த இடத்தில் மட்டும் நின்று, கடல் பக்கம் பார்த்தாள்.

நான் எழுதிப் போடுகிறேன் என்றேன். எல்லாக் குரூப்பிலும் என் பெயரோடு, நான்தான் செய்தேன் என்று போடச் சொல்கிறேன், என் மகனையும் மன்னிப்புக் கேட்கச் சொல்கிறேன் என்றேன். அவள் பயந்துபோய் என் கையைப் பிடித்தாள். "வேணாம்மா. இன்னாத்துக்கு இப்போ? ஜனங்க இப்பதான் மறந்துகினு வர்றாங்க. நீ எதுனா எழுதினா மறுபடி என் மூஞ்சிதான் சுத்தும். கீழ இன்னா எழுதிகீதுன்னு யாரு படிக்கிறா? உன் புள்ளயும் இங்க வர வேணாம். வந்தா நாலு பேரு கேப்பாங்க" என்றாள். அவள் பெண்ணிடமாவது வந்து சொல்லட்டுமா என்று கேட்டேன். "அவ நம்ப மாட்டா. நான் உன்கிட்ட அழுது கூட்டிகினு வந்தேன்னு நெனப்பா" என்றாள். உள்ளே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். உரித்த இறால் குவியலை எடை போட ஆள் வந்திருந்தான்.

அதனால் உன்னிடம் செய்யச் சொல்லிக் கேட்க எனக்கு எதுவும் மிஞ்சவில்லை. அந்தப் படம் உன் போனில் இருந்தால் அழித்துவிடு. மற்றவர்கள் போனில் இருப்பதை அழிக்க முடியாது. யாராவது கேட்டால், படம் எதுவும் அனுப்பாமல் வாயால் சொல், அதைச் செய்தது என் அம்மா என்று. இனிமேல் அப்பா படத்துக்கு முன்னால் நீ நிற்கலாம். நிற்கக் கூடாதவள் நான்தான். தினமும் நிற்கிறேன், பழக்கத்தில் விளக்கும் ஏற்றுகிறேன். கேளம்பாக்கத்துக்கு நான் வர வேண்டுமா வேண்டாமா என்பதை நீ முடிவு செய். வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. 'ஏம்மா அன்னிக்கே சொல்லல' என்று போன் செய்து கேட்காதே. எத்தனை பக்கம் எழுதியும் அதற்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை. உன் முன்னால் நான் சின்னவளாகிவிடக் கூடாது என்று நினைத்தேன், அதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

திரும்பும்போது பஸ்ஸுக்கு ரோட்டின் அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது. கார்கள் பறக்கின்றன, எனக்குக் கால் வரவில்லை. ஓரத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். கொட்டகையிலிருந்து பார்த்திருப்பாள் போல, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். ஒரு கையால் என் முழங்கையைத் தாங்கி, இன்னொரு கையை நான் விழாமலிருக்க முதுகுக்குப் பின்னால் கொடுத்து, நோயாளியை நடத்துகிற முறைப்படி, என் அடிக்கு அடி வைத்துக் கூட்டிப்போனாள். அந்தப் பக்கம் ஏறியதும் கையை எடுத்துவிட்டாள். "பஸ்ஸு வரும், நில்லு" என்று சொல்லிவிட்டு வந்த வழியே போனாள். பஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது. அவள் ஒரு தடவைகூட இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அம்மா